கப்பி போட்ட குட்டி

தருமபுரி பேருந்து தொப்பூர் மேட்டில் லாரிகளுக்குப் பின்னால் நின்றுவிட்டது. முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம், “எங்க வூட்டு மீனு குட்டி போட்டிருக்குதுங்க” என்றாள்.

“மீனு முட்டைதானுங்க போடும்?”

“கண்ணாடித் தொட்டியில வளக்கற கப்பி மீனு குட்டிதான் போடுமுங்க. வூட்டுக்காரருக்கு மலேரியா ஆபீஸ்ல வேலை. குட்டிங்களப் பாத்துட்டு கொசுப்புழுன்னு சொல்லி, தொட்டியக் கவுக்க வந்துட்டாரு.”

“அப்புறம்?”

“கொசுப்புழு தலைகீழாத் தொங்கும், இது நேரா நீந்துது பாருங்கன்னேன். நம்பல. நெசமான கொசுப்புழுவ, பொடிசாப் பாத்து மொண்டாந்து உள்ள வுட்டேன். குட்டிங்க அந்தப் புழு அத்தனையவும் தின்னுபோட்டுது. கொசுப்புழுவக் கொசுப்புழு திங்குமான்னு கேட்டேன். தொட்டிய வுட்டுட்டுப் போயிட்டாரு.”

“கொசுப்புழு எங்கங்க கெடச்சுது?”

“அவரு வாராவாரம் கழுவறேன்னு சொல்ற எங்க குளிக்கற தொட்டியிலதான்.”