ஜிப்பின் இடது சிறுநீரகம்

"ஜிப் ஏன் டாக்டர் இவ்ளோ தண்ணி குடிக்குது? ஆட்டுத் தொட்டியையே காலி பண்ணிடும் போல." பிரைடி தன் நாயைப் பிடித்தபடி கேட்டாள். அவளுக்கு எட்டு வயது. நல்ல கேள்வி. ரிவரைனா ஆட்டுப்பண்ணைப் பகுதியில் எங்கள் ஊருக்கு நான் ஒருத்திதான் கால்நடை மருத்துவர்.

இரத்தம் எடுத்துப் பார்த்தேன். கால்சியம் மிக அதிகம். நாய்களுக்கு அது ஏறப் பல காரணங்கள் உண்டு. ஒருவகை எலிமருந்தும் அதில் ஒன்று. வயிற்றைத் தடவிப் பார்த்தேன். ஸ்கேன் எடுக்கவில்லை, தேவாலயத்து விருந்துக்கு கேக் செய்ய வேண்டியிருந்தது.

"எலிமருந்து ஏதாவது தின்னிருக்கலாம்" என்று பிரைடியின் அப்பா கிளெமிடம் சொன்னேன்.

"எங்க பண்ணையில அதை வாங்குறதே இல்ல. இது பக்கத்துப் பண்ணை ஆல்பி வேலை. உன் நாய் வேலி தாண்டட்டும், பார்த்துக்கறேன்னு பப்புல வச்சே சொன்னானே."

"நிச்சயமாத் தெரியல, கிளெம்."

"உங்களுக்கு எல்லாரும் நல்லவங்கதான். போங்க டாக்டர்."

எட்டு நாள் விஷமுறிவு வைத்தியம் செய்தேன். ஜிப் இறந்தது. கிளெம் கேட்டதால் நான் தனியாக அறுத்துப் பார்த்தேன். இடது சிறுநீரகத்தில் ஆரஞ்சுப் பழம் அளவு கட்டி. கால்சியத்தை ஏற்றியது அதுதான். வேறெங்கும் பரவவில்லை. முதல் நாளே அந்தச் சிறுநீரகத்தை எடுத்திருந்தால் ஜிப் பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

வெளியே பிரைடி கழுத்துப்பட்டையைப் பிடித்தபடி நின்றாள். பிழைத்திருக்கும் என்று அந்தக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? அவ்வளவு கல்நெஞ்சம் எனக்கு இல்லை.

"தெளிவா ஒண்ணும் தெரியல" என்றேன்.

"அப்போ விஷம்தான்" என்றார் கிளெம். நான் மறுக்கவில்லை. கட்டியை மருத்துவமனைக்குப் பின்னால் புதைத்து, ஒரு ஜெபமும் சொன்னேன்.

அதன்பின் ஆல்பியின் ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்க யாரும் வரவில்லை. பப்பில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்தார்கள். ஞாயிறு ஆராதனையில் அவரைப் பார்த்துப் புன்னகைத்தவள் நான் மட்டுமே.

ஒருநாள் வந்தார். "அறுத்துப் பார்த்தது நீங்கதானே டாக்டர்? நான் கொல்லலன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

தேநீர் கொடுத்தேன். கேக்கில் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தேன். "கடவுளுக்குத் தெரியும், ஆல்பி" என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மார்ச் மாதம் அவருடைய வைக்கோல் கொட்டகைக்கு யாரோ தீ வைத்தார்கள். உள்ளே கட்டியிருந்த தன் நாய் டாட்டியை ஆல்பி அவிழ்த்து வெளியே தள்ளினார். அவர் வெளியே வருவதற்குள் கூரை விழுந்துவிட்டது.

தீ வைத்தது யார் என்று, விசாரிக்க வந்த நீங்கள் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. நான் தீப்பெட்டியைத் தொடவில்லை. அவர் நிரபராதி என்று தெரிந்த ஒரே ஆள் நான். பதினோரு மாதம் சொல்லாமல் இருந்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளம் வந்த வருடம், ஓடையில் சிக்கிய என் காரை ஆல்பிதான் டிராக்டரால் இழுத்து என்னைக் காப்பாற்றினார். நன்றி சொல்லக்கூட விடவில்லை. அந்தக் கடன் என் மனதில் இருந்துகொண்டே இருந்தது.

டாட்டி இப்போது என்னிடம் இருக்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மருத்துவமனையில் எல்லோரும் போனபின், அவளுக்கு இரத்தம் எடுத்து கால்சியம் பார்க்கிறேன். ஸ்கேனும் எடுக்கிறேன், அவசரப்படுவதில்லை. இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றன. ஆல்பிக்குப் பட்ட கடன் தீர்ந்துவிட்டது.