இரண்டு ஏஸ்

வளைகுடா நாடொன்றில், முவைலா பஸ் நிறுத்த வரிசையில் எனக்கு முன்னால் பதினேழு பேர். பதினாறாவது ஆள் பின்னால் திரும்பி, "கையில ரெண்டு ஏஸ் வந்தா தூக்கிப் போட்டுருக்கணும்டா" என்றார். போக்கரில் முதலில் கைக்கு வரும் இரண்டு சீட்டில் அதைவிடப் பெரியது கிடையாது என்பது எனக்கே தெரியும்.

பதினேழாவது ஆள் கைப்பேசியில் தோற்றுப்போன சீட்டாட்டத்தை வெறித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஒரே கம்பெனிச் சட்டை.

"ஆட்டத்துல பதினோரு பேர்தான் மிச்சம். பத்துப் பேருக்கு கோவா போட்டியில எடமும் பிளைட் டிக்கெட்டும். மொத ஆளுக்கும் பத்தாவது ஆளுக்கும் ஒரே பரிசு. எதுக்குடா ஜெயிக்கணும்?"

"பந்தயம் வைக்க என்கிட்ட சிப்ஸ் கொஞ்சந்தான் மச்சான் இருந்துச்சு."

"ஒருத்தன்கிட்ட அதைவிடக் கம்மி. அடுத்த ரவுண்டுல அவனே வெளிய போயிருப்பான். நீ சும்மா இருந்தா போதும்."

"மொத்தத்தையும் வச்சேன். எதிராளிகிட்ட ரெண்டு ஏழு. மேசையில மூணாவது ஏழு விழுந்து என் ஏஸை அடிச்சிருச்சு."

"கோவாவுலேருந்து ரயிலேறி மக காதுகுத்துக்குப் போறேன்னியே. ஊருக்குப் போக கம்பெனி டிக்கெட் அடுத்த வருஷந்தான?"

"வர்றேன்னு வீட்ல சொல்லிட்டேன்."

பதினேழாவது ஆள் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டார்.

"ஒம்பது வருஷமா இங்க சும்மாதான் இருக்கேன். சூப்பர்வைசர் ஏசுனாலும் சும்மா, லீவைத் தள்ளுனாலும் சும்மா. ஒருநாள் ஏஸ் வந்தா, அப்பவுமா?"

"அப்பத்தான்டா இருக்கணும்."

பஸ் வந்தது. வரிசை கலைந்து எல்லோரும் முண்டினார்கள். பதினாறாவது ஆள் படியில் தொற்றிக்கொண்டு கத்தினார்: "யல்லா, சீக்கிரம், இதுக்காவது முந்துடா!"

பதினேழாவது ஆள் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்.

"நீ போ மச்சான். ஆள் கொறையட்டும்."