கறள் தின்ற காற்று

பெயர்: கலந்தர் முகம்மது றிஸ்கான். வயது: 27. முகவரி: கடற்கரை வீதி, கல்முனைக்குடி. தொழில்: வெல்டிங். விசாரித்தபோது சொல்வதாவது:

ஷரிபுதீன் ஹாஜியாரின் நெல் ஆலையில் நெல் ஊறவைக்கும் இரும்புத் தாங்கிகள் இரண்டு உண்டு. டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள் நுளம்பு பெருகாமல் மூடச் சொன்னதால், ஏழு மாதங்களுக்கு முன் இரண்டையும் உள்ளே ஈரம் இருக்கவே மூடி, போல்ட் இறுக்கினார்கள்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை முதலாம் தாங்கியின் மெலிந்த தகட்டுக்கு ஒட்டுப் போட என்னை அழைத்தார்கள். என் சாமான்கள் வாசலில் ஓட்டோவில் இருக்கும்போதே, முதலாளி அவசரப்படுத்தியதால், தொழிலாளி நிரோசன் அதைத் திறந்து, உள்ளே இரும்பில் பிடித்த கறளைச் சுரண்ட இறங்கினார். இறங்கியதும் சத்தமில்லாமல் விழுந்தார். அதன் பின் அவருடைய மாமா கோணாமலை இறங்கப் போக, நான் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். என் கன்னத்தில் அறைந்தார்.

"விடுடா, என்ட மருமகன்டா."

"நீங்களும் இறங்கினா ரெண்டு மையத்துத்தான் அண்ணே. கொம்பிரசரப் போடுங்க."

அதன் பின் ஆலைக் கொம்பிரசரின் காற்றுக் குழாயை உள்ளே விட்டு அடித்து, கயிறு கட்டி, குழாயை முகத்தோடு பிடித்தபடி நான் இறங்கி, நிரோசனைக் கட்டி, மேலே இழுப்பித்தேன். மூச்சு இருந்தது.

அன்று பகல், என் வெல்டிங் வாயு கசிந்ததாக முதலாளி முறையிட்டார். காப்பாற்ற விடாமல் தடுத்ததாகக் கோணாமலையும் எழுதிக் கொடுத்தார். பொலிஸார் என்னைப் பிடித்து வந்தார்கள்.

தொழில்நுட்பக் கல்லூரியில் படித்ததைப் பொலிஸ் பரிசோதகரிடம் சொன்னேன். காற்றிலுள்ள ஒட்சிசன் மூலக்கூறுகள் ஈர இரும்பில் ஒட்டி, அதோடு சேர்ந்து கறளாகும், திரும்பி வராது. மூடிய தாங்கியில் மிஞ்சுவது மூச்சுக்கு உதவாத காற்று. மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரண்டாம் தாங்கியைத் திறந்து பாருங்கள் என்றேன்.

நுளம்பு வரும் என்று முதலாளி தடுத்தார். அதன் பின் பரிசோதகரே போல்ட்டைக் கழற்றுவித்து, குப்பி விளக்கைக் கயிற்றில் இறக்கினார். ஒரு முழத்தில் அணைந்தது. மூன்று தரம் கொளுத்தினார், மூன்று தரமும் அணைந்தது. என் வெல்டிங் வாயு அந்தத் தாங்கிப் பக்கம் போனதே இல்லை.

கோணாமலை அணைந்த விளக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, "உன்ட பேரக் குடுத்தது நான். நானே வெட்டுறன் தம்பி" என்று தன் முறைப்பாட்டை வாபஸ் வாங்கினார். நிரோசன் இன்று ஆஸ்பத்திரியில் எழும்பி இருந்து புட்டும் மீன் ஆணமும் கேட்டாராம். எனக்கு அது போதும்.

இந்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டியபோது, 'இதில் எவர் மீதும் பிழை இல்லை' என்று ஒரு வரி இருந்தது. அதை நான் சொல்லவில்லை. மூடச் சொல்ல ஆள் இருந்தது, மூடினால் உள்ளே காற்றுக் கெடும் என்று சொல்ல ஆள் இருக்கவில்லை. ஆளை உள்ளே இறக்க முன் காற்று விட அரை நாள் கொடுக்க முதலாளிக்கு மனம் இருக்கவில்லை. அந்த வரியை வெட்டுவித்து, வெட்டிய இடத்தில் சுருக்கொப்பம் இட்டேன். மிகுதி எல்லாம் நான் சொன்னபடியே உண்மை.

(ஒப்பம்) க. மு. றிஸ்கான்