பஜார் தெருவில் மூச்சுத்திணறல்

ஆஸ்பத்திரி ஊழியர்கள் நிறையப் பேர் வந்திருக்கீங்க. நோயாளிக் கணக்கையே பேசிப் பேசி உங்க முகமெல்லாம் வாடிப்போச்சு. ஒரு கதை சொல்றேன்... சின்னதுதான்.

ஒரு ஊரு. ஊருக்கு வெளியே குப்பைமேடு, எந்நேரமும் எரிஞ்சு புகைஞ்சுக்கிட்டே கிடக்கும். அதை ஒட்டி ஒரு காலனி. அதுக்கும் குப்பைமேடுன்னுதான் பேரு. தினமும் காலையில அங்க மருத்துவ வேன் வரும். மூச்சுத்திணறலுக்கு மருந்துப்புகை வைக்கிற மெஷின் அதுல இருக்கும். அப்போ வேன்ல பேரு, தெரு எதுவும் எழுதுறதில்லை.

ஒரு அதிகாரி, ஆஸ்பத்திரியில எழுதின நோயாளிங்க பதிவையெல்லாம் கம்ப்யூட்டர்ல தெருவாரியாப் பிரிச்சுப் பாத்தாரு. "என்னய்யா இது... பஜார் தெருவுல இழுப்புக்காரங்க குவிஞ்சு கிடக்காங்க. குப்பைமேட்டுல ஒருத்தர்கூட இல்லையே. வேனை பஜார் தெருவுக்கு மாத்து."

மாத்திட்டாங்க. குப்பை எரியிற இடத்துல இருமலே இல்லையாம்... நம்பிட்டாங்கய்யா, படிச்ச மனுஷங்க. ஒருத்தராவது எந்திரிச்சுப் போய்ப் பாத்தாங்களா? அந்த வேகாத வெயில்ல யாரு போறது?

அடுத்த வாரம், குப்பைமேட்டுப் பவுனு, மூச்சு இழுக்குற மகளைத் தோள்ல போட்டுக்கிட்டு பஜார் தெருவுக்கு ஓடுறா. புள்ளைக்கு உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. வேன்ல இருந்த டாக்டர் ஷாஹிதா புள்ளையை வாங்கி மெஷினை வச்சாங்க. வேன்ல புதுசா பதிவு எழுத வந்தவர் கேக்குறாரு:

"எந்தத் தெரும்மா?"

"பஜார் தெருங்க."

டாக்டர் நிமிர்ந்து பாத்தாங்க. "இந்தத் தெருவா? அப்புறம் ஏம்மா உனக்கு இப்படி மேல்மூச்சு வாங்குது? கால் முழுக்க சாம்பலா இருக்கே?"

பவுனு தலையைக் குனிஞ்சுக்கிட்டா...

"குப்பைமேடுங்க. அதைச் சொன்னா, ஆஸ்பத்திரியில சீட்டு போடுற சன்னல்லயே தள்ளி நில்லும்பாங்க. கடைசியாத்தான் கூப்பிடுவாங்க. அதான் எங்காளுங்க எல்லாருமே பஜார் தெருன்னு சொல்லிருவோம். இப்ப நெசத்தைச் சொல்லிட்டேன்... மெஷினை எடுத்துராதீங்க டாக்டரம்மா."

கேட்டீங்களா? மெஷினை எடுத்துராதீங்கங்கிறா. ஊர் பேரைச் சொன்னா புள்ளை மூச்சைப் புடுங்கிருவோம்னு ஒரு தாயி நம்மளைப் பாத்துப் பயப்படுறா.

புள்ளை பொழச்சுக்கிச்சு. டாக்டர் சண்டை போட்டு வேனையும் திருப்பி அனுப்ப வச்சாங்க.

கணக்கு எடுக்காதீங்கன்னு நான் சொல்லல. எடுக்கணும். எந்தத் தெருவுல யாரு சாகுறான்னு கணக்கு இல்லாம எப்படித் தெரியும்? ஆனா, ஒருத்தியை வாசல்லயே தள்ளி நிக்க வச்சீங்களே... அப்புறம் அவ எப்படிங்க உங்க கணக்குக்குள்ள வருவா? நாளைக்குக் காலையில நீங்கதான் அந்தச் சன்னலுக்குப் பின்னால உக்காரப் போறீங்க. அவ குப்பைமேடுன்னு சொன்னா, முகத்தைச் சுளிக்காம எழுதுங்க. எழுதிட்டு, வரிசைப்படி கூப்பிடுங்க.