செப்புத் தவலையில் பிடித்த மழைநீர்

1991 டிசம்பர், சனிக்கிழமை மாலை, பூந்தமல்லி காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் விசாரித்தபோது நான் சொன்னது.

என் பெயர் வசந்தா. வயது 48. காட்டுப்பாக்கத்தில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். நகரத்தில் ஒரு மகளிர் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராக வேலை செய்கிறேன். எனக்கு அடுத்த வீடு ஜெயகுமாரியுடையது. அவர் கணவர் பாஸ்கல் லாரி ஓட்டுவதால் பெரும்பாலும் வெளியூரில் இருப்பார். ஜெயகுமாரி வீட்டின் பின்பக்கம் கண்ணாடித் தொட்டிகளில் வண்ண மீன் வளர்த்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். அவருக்கு மறுபக்கத்து வீட்டில் வடிவு அம்மாளும் அவர் மகன் வரதனும் இருக்கிறார்கள். வரதனுக்கு ஆவடியில் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து, போலீஸ் விசாரணைச் சான்று மட்டும் பாக்கி இருக்கிறது. இவர்கள் யாரும் எனக்கு உறவினர் அல்ல.

நேற்று மாலை, மீன் தொட்டிக்குக் காற்று அடிக்கும் மோட்டார் சத்தத்தைப் பற்றி வரதன் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார். "ராவும் பகலும் புர்ரு புர்ருன்னுகினு. ஒரு நாள் பாரு, உன் மீனெல்லாம் மல்லாக்கா மெதக்கப் போவுது" என்று அவர் சொன்னதை நானே கேட்டேன். இன்று காலை ஏஞ்சல் மீன் தொட்டிகளில் பெரும்பாலான மீன்கள் செத்து மிதந்தன. அதன் பிறகு ஜெயகுமாரி இந்த நிலையத்துக்கு வந்து, வரதன் பூச்சி மருந்து கலந்துவிட்டதாகப் புகார் கொடுத்தார். வரதனை அழைத்து வந்து உட்கார வைத்தார்கள்.

அதன் பிறகு ஜெயகுமாரி என் வீட்டுக்கு வந்து, "டீச்சர், நீங்க படிச்சவங்க. பூச்சி மருந்துதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்" என்றார். பார்க்காமல் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு அவருடன் போனேன். தொட்டிகளில் நத்தைகளும் கண்ணாடியை விட்டு அடியில் விழுந்து கிடந்தன. ஆனால் அதே தண்ணீரில், தீனியாகப் போட்டிருந்த கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. பூச்சி மருந்தாக இருந்தால் முதலில் அவைதான் செத்திருக்கும். புதிதாக எதைச் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். எங்கள் பகுதி போர் தண்ணீர் கடினமானது, அதில் ஏஞ்சல் மீன் ஒழுங்காக முட்டை வைக்காது என்பதால் மழைநீர் பிடித்து வைத்து ஊற்றுவது அவர் வழக்கம். இந்த முறை பிளாஸ்டிக் டிரம் நிறைந்துவிட்டதால், கிறிஸ்துமஸுக்காகப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்த செப்புத் தவலையிலும் பிடித்து, சில நாள் வைத்திருந்து, நேற்று இரவு அந்தத் தண்ணீரை ஊற்றியதாகச் சொன்னார். "செம்புத் தண்ணி மனுசனுக்கே நல்லதுன்றாங்க, மீனுக்கு ஆவாதா?" என்று கேட்டார். தவலைச் செம்பு தண்ணீரில் கரைந்து மீனைக் கொன்றிருக்கலாம் என்று என் சந்தேகத்தைச் சொன்னேன். நிச்சயம் என்று சொல்லவில்லை.

தவலையை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அதைக் கவிழ்த்துவிட்டிருந்தால் புகார் அப்படியே நின்றிருக்கும். ஜெயகுமாரி அதை ஒரு தட்டால் மூடினார். அதன் பிறகு சுவரோரம் போய், "யக்கா, இங்க வந்து குந்து. நான் பண்றத நீ பாக்கணும்" என்று வடிவு அம்மாளைக் கூப்பிட்டார்.

"எம்புள்ளய டேசன்ல குந்த வச்சிட்டு இங்க இன்னாடி வேடிக்க காட்டப் போற?"

"பாத்துட்டுத் திட்டு."

வடிவு அம்மாள் வந்தார். இரண்டு மிட்டாய் பாட்டில்களைக் கழுவி, ஒன்றில் தவலைத் தண்ணீரையும் மற்றதில் டிரம் தண்ணீரையும் அவர் கையாலேயே ஊற்றச் சொன்னார் ஜெயகுமாரி. இரண்டும் ஒரே மழையில் பிடித்தவை. நத்தைகளை விட்டுப் பார்த்தாலே போதும் என்று நான் சொன்னேன். "நத்தைக்காக நான் கம்ப்ளைன்ட் குடுக்கல டீச்சர்" என்று சொல்லி, வேறு தொட்டி நத்தைகளோடு, பிழைத்திருந்த ஏஞ்சல் மீன்களிலும் பாட்டிலுக்கு ஒன்றாக விட்டார். மதியத்துக்குள் தவலைத் தண்ணீரில் நத்தைகள் சுருண்டு விழுந்தன. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிச் சாய்ந்தது. ஜெயகுமாரி அதை அள்ளி டிரம் தண்ணீரில் விட்டும் பிழைக்கவில்லை. மற்ற பாட்டிலில் மீன் நன்றாக இருந்தது. ஜெயகுமாரி கையை முந்தானையில் துடைத்தார். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். வடிவு அம்மாள் திட்டவில்லை.

எந்த உலோகம் மீன் தொட்டிக்கு ஆகும் என்று உதவி ஆய்வாளர் கேட்டதற்குச் சொல்வது: தொட்டியைச் சுற்றியுள்ள இரும்புச் சட்டம் தண்ணீரைத் தொடாததால் கெடுதல் இல்லை. நல்ல எவர்சில்வரும் பரவாயில்லை. செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய வாளி ஆகியவற்றில் தண்ணீரைத் தேக்கி வைத்து மீனுக்கு ஊற்றக் கூடாது. மழைநீர் இவற்றை எளிதில் கரைக்கும். புளியில் தேய்த்த செம்பில் அதைத் தடுக்கக் களிம்புகூட இருக்காது.

அதன் பிறகு நாங்கள் மூவரும் இங்கே வந்தோம். பெஞ்சில் இருந்த வரதன், "இன்னாக்கா, மீனு வந்து சாட்சி சொல்லிச்சா?" என்று கேட்டார்.

"சொல்லிச்சுடா. எந்திரி" என்றார் ஜெயகுமாரி. அதன் பிறகு உதவி ஆய்வாளரிடம், "அவன் பண்ணல சார், என் தவலதான். அவன் பேர்ல ஒரு வரி இருக்கக் கூடாது, வேலைக்குப் போற புள்ள. தப்பா கம்ப்ளைன்ட் குடுத்ததுன்னு எம்மேல எழுதிக்குங்க" என்றார். அதற்குத் தண்டனை உண்டா இல்லையா என்று அவர் முன்கூட்டிக் கேட்கவில்லை.

என் வேலையில் பல சோதனைகளைப் பார்த்திருக்கிறேன். முடிவு தனக்கு எதிராக வரும் என்று தெரிந்தும், எதிராளியின் தாயையே பக்கத்தில் உட்கார வைத்துக் கடைசி வரை செய்தவர் இவர் ஒருவர்தான். வரதனைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் இதை அவர் செய்யவில்லை.

இதில் உள்ளது நான் கண்டதும் கேட்டதும் மட்டுமே, எல்லாம் உண்மை. எழுதியதை நானே வாசித்துப் பார்த்து, சரியாக இருப்பதால் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வசந்தா