கால் என்ன நிறம்?

— அப்ப வாற வெள்ளிக்கிழமை என்னைக் குறூப்பால வெளியில போடப்போறியள். அதைச் சொல்லத்தானே வஸீர், கடையைப் பூட்டிப்போட்டு மன்னாரில இருந்து விடத்தல்தீவு மட்டும் வந்தனீங்கள்?

— நான் போடேல்லை, யோசேப் அண்ணை. பறவைக் குறூப்பைத் துவங்கினது நான் எண்டபடியால் முறைப்பாடு என்னட்டை வருது. இவ்வளவு நாளும் பேஸ்புக்கில கண்ட பழக்கம்தானே. இதை முகம் பாத்துக் கதைக்கவேணும் எண்டு வந்தனான்.

— என்னவாம் முறைப்பாடு?

— நீங்கள் ஒரு படமும் போட்டதில்லையாம். ஒரு பறவைக்கும் பேர் சொன்னதில்லையாம். ஆர் என்ன படம் போட்டாலும் கால் என்ன நிறம், அலகு நேரோ வளைவோ எண்டு கேள்விதானாம். படத்திலயே கிடக்கிறதை ஏன் கேக்கிறார், பெரியாள் காட்டுறாரோ எண்டு நிறோஜன் எழுதியிருக்கிறான்.

— அவன் கேக்கிறதிலயும் நியாயம் இருக்கு.

— வல்லாஹி, நான் அப்பிடி நினைக்கேல்லை. நீங்கள் வர முந்தி எங்கட குறூப் எப்பிடிக் கிடந்தது? ஒருத்தன் பூநாரைப் படம் போடுவான். நாப்பது பேர் சூப்பர் எண்டு எழுதுவினம். அதோட சரி. நீங்கள் வந்து, அது தின்னேக்க தலையை நேராவோ கவிட்டோ வைச்சிருந்தது எண்டு கேட்டீங்கள். படம் எடுத்தவனுக்கே தெரியாது. அடுத்த நாள் விடியப் போய் நிண்டு பாத்திட்டு வந்து எழுதினான். அவன் எழுதினது பிழை எண்டு இன்னொருத்தன் போனான். வாயே திறக்காத சனமெல்லாம் எழுதத் துவங்கினது உங்கட கேள்வியாலதான்.

— நான் பெரிசா ஒண்டும் செய்யேல்லை, தம்பி. எனக்குத் தெரியாததைக் கேட்டனான்.

— அது உங்கட தன்மை. அண்ணை தெரிஞ்சுகொண்டுதான் கேக்கிறார், எங்களை வடிவாப் பாக்க வைக்கத்தான் கேக்கிறார் எண்டு நான் எல்லாருக்கும் சொல்லி வைச்சிருந்தனான். போன கிழமை வரைக்கும் அவையும் நம்பினவை.

— போன கிழமை என்ன நடந்தது?

— நிறோஜன் ஒரு படம் போட்டவனெல்லே, இது என்ன பறவை எண்டு கேட்டு?

— ஓம். அதுக்கும் கேட்டனான். கால் தண்ணிக்குள்ள எவ்வளவு தாழ்ந்து நிக்குது எண்டு.

— அது பறவையில்லை, அண்ணை. கண்டல் மரத்து வேர். சேத்துக்குள்ள நீட்டிக்கொண்டு நிண்ட வெறும் வேர். உங்களைப் பிடிக்கவெண்டே போட்டவன். எத்தினை பேர் சிரிச்சவை எண்டு நீங்கள் காணேல்லையோ?

— சிரிச்சதை இந்தப் போன் எனக்குச் சொல்லேல்லை.

— போன் என்னத்தைச் சொல்லுறது? சரி, அது கிடக்கட்டும். நான் வரேக்க பாலத்தடியில ஒண்டு எடுத்தனான். இந்தப் படத்தைப் பாருங்கோ. பாத்துப் பேரைச் சொன்னால் காணும், நான் போய் அவையின்ர வாயை அடைக்கிறன்.

— ம்… நல்ல வடிவான படம். வெளிச்சமும் நல்லா விழுந்திருக்கு. கால்தான்… கால் என்ன நிறம் எண்டு…

— அண்ணை.

— சொல்லுங்கோ.

— போன் இன்னும் என்ர சேட்டுப் பொக்கற்றுக்குள்ளதான் கிடக்கு. சிக்கிக்கொண்டு வரமாட்டன் எண்டுது. நான் எடுக்கவேயில்லை.

— லூசியா. லூசியா, நீயோ அதில நிக்கிறது? பூசை முடிஞ்சு எவ்வளவு நேரம், இப்பதான் வாறியோ?

— வாற வழியில கொஞ்சம் நிண்டனான். வந்து தேத்தண்ணியும் ஊத்திப்போட்டன். இந்தாங்கோ வஸீர் தம்பி, குடியுங்கோ. இனி மறைச்சு என்ன. என்ர மனுசனுக்குக் கண் தெரியாது. இரத்தத்தில சீனி கூடின வருத்தத்தால போனது.

— ஆர் உன்னைச் சொல்லச் சொன்னது?

— நீங்கள் சொல்லமாட்டீங்கள் எண்டுதான் நான் சொன்னனான்.

— உள்ள போ.

— யா அல்லாஹ். அண்ணை, அப்ப நீங்கள் கேட்ட அவ்வளவு கேள்வியும்…

— எழுதிக் கிடக்கிறதைப் போன் வாசிச்சுக் காட்டும், தம்பி. நான் சொல்லச் சொல்ல எழுதும். படம் வந்தால் படம் எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் பேசாமல் இருக்கும். பிறகு நான் கேக்காமல் என்ன செய்ய? மீன்பிடி வள்ளத்து எஞ்சின் திருத்தின காலத்தில, வேலை முடிய கடற்கரையில நிண்டு பாத்த பறவையள். அப்பவும் எனக்குப் பேர் தெரியாது. பேர் எனக்குத் தேவையுமில்லை. அது என்ர கண்ணுக்குள்ள வந்து நிக்கவேணும். ஒருத்தர் காலைச் சொல்லுவார், ஒருத்தர் அலகைச் சொல்லுவார். நாலு பேர் சொல்லி முடிய அது வந்து நிக்கும்.

— எங்களுக்குப் படிப்பிக்கிறீங்கள் எண்டெல்லே நான் நினைச்சனான். அண்ணை, இதை முதலே சொல்லியிருந்தால் ஒருத்தனும் சிரிச்சிருக்கமாட்டான். நான் இப்பவே எழுதிப் போடுறன்.

— வேண்டாம். கையெடுத்துக் கும்பிடுறன், எழுதிப்போடாதேங்கோ.

— ஏன், அண்ணை?

— இந்த ஊருக்கு என்ர கண் போனது தெரியும். தெரிஞ்ச நாளில இருந்து ஒருத்தரும் என்னோட வாக்குவாதப்படுறதில்லை. நான் விசர்க்கதை கதைச்சாலும் ஓம் யோசேப், ஓம் எண்டிட்டுப் போகினம். உங்கட குறூப்பில ஊராக்கள் ஆரும் இல்லை. அங்கதான் என்னை மறுத்துக் கதைக்கினம். நிறோஜன் ஒருநாள் எனக்கு லூசு எண்டு எழுதினவன். அண்டைக்கு நான் நல்லாச் சாப்பிட்டனான், தம்பி.

— எல்லாரும் நிறோஜனில்லை. ஆறுதலா மறுமொழி சொல்லுற ஆக்களும் இருக்கினமெல்லே.

— இருக்கிறா ஒரு பிள்ளை. சேத்துக்குருவி எண்டு பேர் வைச்சிருக்கிறா. மற்றவை நிறம் சொல்லுவினம், அவ நடை சொல்லுவா. ஒரு காலை வைச்சிட்டு மற்றக் காலை வைக்க முதல் யோசிக்குது, கோயிலுக்குப் புதுச் செருப்போட வந்த ஆள் மாதிரி எண்டு எழுதினவ. நான் தனிய இருந்து சிரிச்சனான். நான் ஒண்டைக் கேட்டால் அதைப் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுற ஒரே ஆள் அவதான்.

— ஓம், அவ எழுதுறதை நானும் தேடி வாசிக்கிறனான். ஆரெண்டுதான் தெரியாது.

— எந்த ஊர் எண்டு கேக்க எனக்கும் ஆசைதான். கேட்டால் அவவும் திருப்பி என்னைக் கேப்பா. அதால விட்டிட்டன்.

— அப்ப வெள்ளிக்கிழமைக்கு நான் என்னண்ணை செய்ய? நிறோஜன் லேசில விடமாட்டான்.

— என்னைக் குறூப்பால விலத்திவிடுங்கோ. எனக்காக நீங்கள் பொய் சொல்லவேண்டாம்.

— பொய் ஏன்? நான் ஒரு ஒழுங்கு கொண்டுவாறன். இனி வெள்ளிக்கிழமையில படம் இல்லை. ஒருத்தர் கண்ட பறவையைச் சொல்லவேணும், மற்றவை கேள்வி கேட்டுக் கேட்டுப் பிடிக்கவேணும். சனிக்கிழமைதான் படம். முதல் வெள்ளி நிறோஜனே சொல்லட்டும்.

— எனக்காகவோ?

— உங்களுக்காகத்தான், அதை ஏன் ஒளிக்கவேணும்? ஆனா அண்டைக்கு வேர் எது, பறவை எது எண்டு ஒருத்தருக்கும் தெரியப்போறதில்லை. எல்லாரும் உங்களைப் போலதான் கேக்கவேணும்.

— நீங்கள் சரியான வியாபாரி, வஸீர். சரி, செய்து பாருங்கோ. லூசியா, தம்பி வெளிக்கிடுறார் போல. வாசல் படலை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விடு, றோட்டில நாய் நிக்கும்.

— போட்டு வாறன், அண்ணை. வாங்கோ லூசியா அக்கா. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, அண்ணையை நான் விலத்த விடமாட்டன்.

— மெதுவாக் கதையுங்கோ, தம்பி. அவருக்குக் காது நல்லாக் கேக்கும். மாதாவே எண்டு அது நடந்தால் காணும். விலத்தினால் அவரைவிட எனக்குத்தான் கஷ்டம்.

— உங்களுக்கோ?

— கண் போனதில இருந்து அவர் என்னோட கதைக்கிறதில்லை. என்ர கையாலதான் எல்லாம் நடக்கவேண்டிக் கிடக்கெண்டு அவருக்கு வெக்கம். சோறு போட்டால் சாப்பிடுவார். ஓம், இல்லை, உள்ள போ. இப்ப நீங்களும் கேட்டனீங்கள்தானே.

— அக்கா, ஒண்டு கேக்கிறன். மற்றவைக்குச் சொல்லாட்டிலும் அந்தச் சேத்துக்குருவிக்கு மட்டும் நான் உண்மையைச் சொல்லட்டோ? தெரிஞ்சால் அவ இன்னும் விளக்கமா எழுதுவா.

— அவவுக்குத் தெரியும்.

— அது எப்பிடி?

— என்ர காலைப் பாருங்கோ, தம்பி. பூசை முடிஞ்சு நேரா வீட்டை வந்தால் இவ்வளவு சேறு பிடிக்குமோ? அந்தக் குறூப்பில மட்டும்தான் அவர் என்னட்டை ஏதாவது கேக்கிறவர்.