அலமாரிக்குப் பின்னால் ஒரு சப்வூஃபர்

குறைந்த விலையில் சப்வூஃபர் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது வாட்ஸ் எண்ணைத்தான். அதைப் பார்க்கவே கூடாது. பெட்டிமேல் எத்தனை சைபர் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம், அச்சு மைக்கு என்ன கேடு. முப்பத்தோரு வருடம் ஸ்பீக்கர் பழுதுபார்த்தவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது, அதிர்வு எத்தனை ஹெர்ட்ஸ் வரை கீழே இறங்கும் என்பதைத்தான். நல்ல பேஸ், அந்த அடிச்சத்தம், காதுக்கு வராது, நெஞ்சுக்கு வரும். மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் ஐம்பதோடு நின்றுவிடும். அதில் வருவது வெறும் தகர டப்பாச் சத்தம்.

கடைக்காரர் எட்டு அங்குலம் ஒன்றை என் தலையில் கட்டப் பார்த்தார். நீல விளக்கெல்லாம் எரியும் என்றார். நான் மூலையில் தூசி படிந்து கிடந்த பன்னிரண்டு அங்குலத்தைக் கேட்டேன். விளக்கு கிடையாது, ரிமோட் கிடையாது. ஆனால் இருபத்தைந்து ஹெர்ட்ஸ் வரை சுத்தமாக இறங்கும். அதில் சத்தமே கேட்கவில்லை என்று ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாராம். அப்படியானால் அதுதான் வேண்டும் என்றேன்.

என் வீடும் அண்ணன் வீடும் ஒரே வீடுதான். அப்பா போன பிறகு நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பி இரண்டாக்கினோம். அண்ணன் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அண்ணி இறந்து ஆறு வருடம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. காலையில் அவர் டீ போடுவார், சாயங்காலம் நான் போடுவேன். பேச்சுவார்த்தை இல்லாத நாட்களிலும் டீ மட்டும் நிற்காது.

போன வருடம் அவருக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்தது. நன்றாகத் தேறிவிட்டார். படி ஏறலாம், பயணம் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே அவர் மகள் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள். அப்பா இனி தன்னோடுதான், வீட்டில் அவருடைய பாதியை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடலாம் என்று முடிவும் செய்துவிட்டாள். "நீங்க அப்பப்ப வந்து பாத்துட்டுப் போங்க சித்தப்பா" என்றாள். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்துக் கிடந்தவனிடம் சொல்கிற வார்த்தையா அது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போதும் வருகிறது.

அடுத்தது பெட்டியை எங்கே வைப்பது என்பது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. கேட்கிறவர் உட்காரும் இடத்தில் பெட்டியை வைத்து ஓடவிட்டு, நாம் தரையோடு தவழ்ந்து தேட வேண்டும். அதிர்வு எங்கே பலமாக இருக்கிறதோ அங்கே பெட்டியை மாற்றிவிட்டால், அதே பலத்தோடு அவர் இடத்துக்குப் போய்ச் சேரும். அண்ணன் பரிசோதனைக்குப் போயிருந்த ஒரு காலையில் மாற்றுச் சாவியால் திறந்து, அவர் கட்டில்மேல் பெட்டியை வைத்தேன். பிறகு என் வீட்டுக்கு வந்து தவழ்ந்தேன். ஐம்பத்தெட்டு வயதில் முட்டி தேயத் தவழும் ஆளை யாராவது பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். துணி அலமாரிக்குப் பின்னால் அந்த இடம் கிடைத்தது.

பாட்டு எதுவும் போடவில்லை. நானே பதிவுசெய்த துடிப்பு. நாலு ஒழுங்காக வரும், ஐந்தாவது கொஞ்சம் தாமதிக்கும், பிறகு இரண்டு சேர்ந்து வரும். மதியம் அவர் படுக்கும் நேரத்தில் தினமும் அரை மணி ஓடும்படி டைமர் வைத்தேன்.

மூன்றாம் நாளே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். ஈசிஜி எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். இருந்தாலும் டிக்கெட்டை ரத்து செய்தார். அடுத்த டிக்கெட்டும் அப்படியே போனது. மகள் வந்து ஒரு வாரம் தங்கினாள், அந்த வாரம் நான் போடவில்லை. நான் ஒன்றும் முட்டாள் இல்லை. அவள் போன மறுநாள் அவருக்கு மறுபடி வந்தது. மனசுதான் காரணம் என்று டாக்டர் அவளுக்குப் போனில் விளக்கினார்.

சாப்பாடு, வெந்நீர், துணி, எல்லாம் நான்தான் பார்த்தேன். நீங்கள் முகத்தைச் சுளித்தாலும் சரி, அந்த ஐந்து மாதமும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். இதயத் துடிப்பை அடக்கும் மாத்திரையை நான் கூட்டிக் கொடுத்ததாக மட்டும் எழுதாதீர்கள். ஒன்று போதவில்லை என்று அவராகவே இரண்டு போட்டார், பிறகு மூன்று. டப்பாவை எடுத்துக் கொடுத்தது நான். அதை மறுக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை குளியலறையில் மயங்கி விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் உங்களுக்கு இங்கே வேலை இருந்திருக்காது. டைமரை அணைக்க எனக்கு மனசு வரவில்லை. அது ஓடும்போது அவர் அந்தப் பக்கம் படுத்திருக்கிறார் என்றே இருக்கும். இரண்டு வாரம் கழித்து மகள் வந்து, அப்பா கட்டிலில் மதியம் சற்றுப் படுத்திருக்கிறாள். எழுந்துபோய்ச் சுவரில் கை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

அவருக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியாது. கடைசி வாரத்தில் ஒரு மதியம் என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "உனக்குத் தெரியுதா பாரு. எனக்கு மட்டும்தான் இப்படி இருக்கா?" என்றார். கட்டில், சுவர், என் கை எல்லாமே அதிர்ந்துகொண்டிருந்தன.

"எனக்கு ஒண்ணும் தெரியலண்ணா" என்றேன். சரி என்று தலையாட்டினார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் இன்று உயிரோடு இருந்திருப்பார் என்கிறீர்கள். இருந்திருப்பார், யார் இல்லை என்றது? மகள் வீட்டில் இருந்திருப்பார். இப்போது பாருங்கள், கடைசிவரை அண்ணன் என்னைவிட்டுப் போகவே இல்லை.